அட்டை பிறகு வரட்டும்

(வாழப்பாடி வட்டாரத் தலைமையாசிரியர் கூட்டத்தில் பேசியது)

மாணவர் சேர்க்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

சென்ற ஜூனில் ஒரு தாய், ஐந்து வயது முடிந்த மகளை முதல் வகுப்பில் சேர்க்க வந்தார். கணவர் ராணுவத்தில் இருக்கிறார். அசாமில் குடும்பத்தோடு இருந்தவரை எல்லைப் பணிக்கு மாற்றிவிட்டார்கள். தாயும் மகளும் ஊர் திரும்பிவிட்டார்கள். பிறப்புச் சான்று இருந்தது. தடுப்பூசி அட்டையைக் கேட்டேன்.

"சாமான் பெட்டி இன்னும் வந்து சேரலைங்க சார். அவருக்கும் லைன் கிடைக்க மாட்டேங்குதுங்க."

"சரிம்மா, வந்ததும் எடுத்துக்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். ஒன்பது நாள் குழந்தை பள்ளிக்கு வரவில்லை.

அட்டை இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று எனக்கு யார் சொன்னது? யாருமில்லை. வயதுச் சான்று இல்லையென்றாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 14. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் அப்படியே. அது பிரிவு 5. அமெரிக்கப் பள்ளிகளில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அங்கேயே, மாநிலம் விட்டு மாநிலம் மாறும் படைவீரர் பிள்ளைகளை முதலில் சேர்த்துக்கொண்டு, விடுபட்ட ஊசிக்கு 30 நாள் அவகாசம் தருகிறார்கள்.

பத்தாம் நாள் நானே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெயர் எழுதிக்கொண்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை; மோர் கொடுத்தார்.

அட்டையே வேண்டாம் என்பதல்ல. பெட்டி வந்த பிறகு அட்டையைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டினோம். ஒன்றரை வயது வரை எல்லாம் சரி. 5-6 வயதில் போட வேண்டிய தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஊக்கத் தவணைக் கட்டம் மட்டும் காலி. வீடு மாறிய நேரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஏழு வயது தாண்டினால் அந்த ஊசி கிடையாது. கக்குவான் மருந்து சேராத டிடி ஊசிதான். நல்லவேளை, அடுத்த வாரமே போட்டார்கள். செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் கவனியுங்கள்: 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி உண்டு.

இப்போது சேர்த்த பிறகுதான் அட்டை கேட்கிறேன். வராதவர் பெயரைத் தனி நோட்டில் எழுதி, செவிலியர் வரும் நாளில் காட்டுகிறேன். இந்த வாரம் வந்த பையனின் அட்டை முழுக்க இந்தியில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் நில்லுங்கள்.