அப்பாவின் லுங்கியே போதும்

(ஞாயிறு பள்ளி மாறுவேடப் போட்டிக்கு ஆயத்தமாக, மருத்துவமனை ஆதரவாளர்களான சகோதரிகளின் கூட்டத்தில் கொடுக்கப்பட்ட உரை)



ஏழை நோயாளர் நிதிக்காக நம் பிள்ளைகள் நடத்தும் மாறுவேடப் போட்டிக்கு இம்முறை ஸ்காட்லாந்து நாட்டு உடைகள் என்று கமிட்டியார் தீர்மானித்திருக்கிறார்கள். ஏன் ஸ்காட்லாந்து என்று சிலர் கேட்டீர்கள். சென்னையில் 1888இல் பெண்களுக்காகச் சிறு மருந்தகம் தொடங்கிய டாக்டர் மெட்டில்டா மக்ஃபெயில் அம்மையார் அந்த நாட்டவர். அந்த ஊழியம் வளர்ந்து 1914இல் இராயபுரம் ரெய்னி மருத்துவமனையாயிற்று. மிஷன் மருத்துவமனைகளைத் தாங்குகிற நமக்கு அந்த நாடு அந்நியமல்ல.

வாடகைக் கடையில் உடை கிடைக்குமா என்று சிலர் விசாரிக்கத் தொடங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து வேண்டாம். அந்த வாடகை நிதிக்கு வரவேண்டிய பணம். அதைவிட முக்கியமான காரியம், வாடகை கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும். ஆகவே கடையில் வாங்கிய உடைக்கும் வாடகை உடைக்கும் மதிப்பெண் இல்லை என்று விதி வைக்கும்படி கமிட்டியாரைக் கேட்டிருக்கிறேன்.

முதலில் கில்ட். ஆண்கள் அணியும் அந்தக் கட்டம்போட்ட பாவாடையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆதியில் அது தைத்த உடையே அல்ல. பல கஜ நீளமுள்ள கம்பளித்துணியைக் கொசுவி, இடுப்பில் வார் கட்டி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். இரவில் அதுவே போர்வை. தினமும் சேலை கட்டுகிற நமக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டுமா?

மூட்டாத கட்டம்போட்ட லுங்கி ஒன்று எடுங்கள். பிள்ளையின் இடுப்பிலிருந்து முழங்காலின் நடுவரை எவ்வளவு உயரமோ, அந்த அளவுக்கு மேல்பக்கத்தை உள்ளே மடியுங்கள். வெட்டாதீர்கள். இரண்டு முனையிலும் பிள்ளையின் முன்பக்க அகலத்துக்குத் துணியை மடிப்பில்லாமல் விடுங்கள். நடுவில் இருப்பதை மட்டும் ஒரே பக்கமாகக் கொசுவி, மேலே ஓட்டுத்தையல் போடுங்கள். கட்டும்போது மடிப்பெல்லாம் பின்னால் வரவேண்டும், மடிப்பில்லாத இரண்டு முனைகளும் முன்னால் ஒன்றின்மேல் ஒன்று வரவேண்டும். மடிப்பை முன்னால் வைத்தால் அது பள்ளிக்கூடப் பாவாடை! கீழே ஓரத்தில் குத்தும் ஊக்கை மேல்துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் பிள்ளை நடக்கும்போது துணி இழுத்துக் கிழியும். போட்டி முடிந்தபின் தையலைப் பிரித்தால் லுங்கி அப்பாவுக்குத் திரும்பிவிடும்.

கில்டில் பை கிடையாது. அதனால் முன்னால் ஒரு தோல்பை தொங்கும், ஸ்போரன் என்பார்கள். பழைய கைப்பையோ, பழுப்புக் காகிதம் ஒட்டிய அட்டையோ போதும்; கம்பளி நூலில் மூன்று குஞ்சம் கட்டிவிடுங்கள். முழங்கால்வரை பள்ளிக்கூட சாக்ஸ், வெள்ளைச் சட்டை. தலைக்குப் பழைய ஸ்வெட்டர் துணியில் தட்டையான வட்டத் தொப்பி, உச்சியில் நூல் பந்து.

ஒரு வேண்டுகோள். ஆரஞ்சு நிற டோப்பா வைத்து, குடிகாரனைப்போல் தள்ளாட வைத்துச் சிரிக்கவைக்கவேண்டாம். இந்த உடைக்காகச் சிறைக்குப் போனவர்கள் உண்டு. கல்லோடன் போருக்குப்பின் 1746இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கொண்டுவந்த சட்டப்படி, மலைநாட்டு உடையை உடுத்தினால் முதல் தடவை ஆறு மாதம் சிறை, மறு தடவை ஏழு வருஷம் நாடுகடத்தல். 1782இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

பெண் பிள்ளைகளுக்கு நான் மிகவும் விரும்புவது ஹெர்ரிங் மீன் பெண்களின் வேஷம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் மீன்பிடிப் படகுகளைப் பின்தொடர்ந்து, வடக்கே ஷெட்லண்ட் தீவுகளிலிருந்து தெற்கே இங்கிலாந்தின் யார்மத் துறைமுகம்வரை போனார்கள். இரண்டு பேர் மீனின் குடலை எடுக்க, மூன்றாமவள் உப்போடு பீப்பாயில் அடுக்குவாள். நிமிடத்துக்கு முப்பது நாற்பது மீன் அறுக்கிற வேகம். கத்தி வழுக்கினால் விரல் அறுபடும், அந்தக் காயத்தில் உப்பு இறங்கும். ஆகவே காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு விரலிலும் பழந்துணிக் கீற்றைச் சுற்றி நூலால் கட்டிக்கொள்வார்கள். அந்தத் துறைமுகங்களில் ஸ்காட்லாந்து சபையார் தங்கள் ஊழியரை அனுப்பி, இவர்களுடைய காயங்களுக்கு மருந்து கட்டினார்கள்.

இந்த வேஷத்துக்குச் செலவே இல்லை. பழைய பாவாடை, தலையில் முடிந்த துணி, முன்னால் ரெக்ஸின் அல்லது பழைய மேஜைவிரிப்பு, பத்து விரலிலும் வேட்டித்துணிக் கீற்று. கையில் பின்னல் ஊசியும் நூலும் கொடுங்கள். வேலையில்லாத நேரத்தில் நடந்துகொண்டே பின்னுவார்கள். கத்தி மட்டும் அட்டையில் இருக்கட்டும்.

லுங்கிகூட இல்லாத வீட்டுக்கு இன்னொன்று சொல்லுகிறேன். வெள்ளை பனியன், அரைக்கால் சட்டை, நெஞ்சில் ஒரு எண். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடல் தயார். மறு வருஷம் சீனாவுக்கு மிஷனெரியாகப் போனவர், 1945இல் அங்கே ஜப்பானியரின் சிறைமுகாமில் மரித்தார்.

ஸ்காட்லாந்தில் அக்டோபர் மாதக் கடைசி இரவில் பிள்ளைகள் பெற்றோரின் பழைய துணிகளை உடுத்தி வீடுவீடாகப் போவது முன்பு வழக்கமாயிருந்தது. அந்த இரவின் மற்றக் காரியங்களைப்பற்றி நம்மில் பலருக்குத் தயக்கம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் பாட்டோ கவியோ சொன்ன பிறகே பிள்ளைக்குப் பலகாரம் கொடுப்பது அங்கே மரபு. நம் மேடையிலும் ஒவ்வொரு பிள்ளையும் தான் யார் என்று நாலு வாக்கியம் சொல்லட்டும். மதிப்பெண்ணில் பாதி அதற்கே.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் நானும் இன்னும் சிலரும் ஊசி, நூல், ஊக்கு டப்பாவோடு இங்கே இருப்போம். வீட்டில் சும்மா கிடக்கும் லுங்கிகளையும் பழைய கைப்பைகளையும் கொண்டுவாருங்கள். தாய் தகப்பன் வேலைக்குப் போய்விடுகிற பிள்ளைகளின் உடைகளை முதலில் தைத்துவிடுவோம்.