சீப்புப் பல் தெரிந்த படம்
(ஆண்டு விழாவில் எங்கள் கூட்டமைப்பின் வீடியோ குழு உறுப்பினர் பேசியது)



சற்று முன்பு இந்தத் திரையில் நம் முதல் ஊக்குநர் அக்கா பேசியதைப் பார்த்தீர்கள். அக்கா இன்று நம்மோடு இல்லை. அவர் பேசுகிற படம் நம்மிடம் அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வந்தேன். உங்க வீட்டுலயும் கல்யாண கேசட், காதுகுத்து கேசட் இருக்கும். அதுக்காகவும் சொல்றேன்.

முதலில் ஒரு கடையில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினோம். கம்ப்யூட்டரில் போட்டால், அக்கா கையை அசைக்கும்போதெல்லாம் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தது. "பழைய கேசட்டுன்னா அப்படித்தாம்மா" என்று சொல்லி, படத்தை மழுக்கிக் கொடுத்தார்கள். பல் குறைந்தது; அக்காவின் முகமும் மெழுகு மாதிரி ஆகிவிட்டது. அவர் மகள் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா மாதிரியே இல்லையே" என்றாள். எங்களுக்கு மனசே ஆறவில்லை.

விசாரித்த பிறகுதான் புரிந்தது. கேசட் தேய்ந்ததால் வந்த குறை இல்லை அது. அந்தக் காலத்து வீடியோவில் ஒரு படத்துக்கு 576 வரி. முதலில் ஒன்று விட்டு ஒன்றாக 288 வரி பதிவாகும். ஒரு நொடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் கழித்து, விட்டுப்போன 288 வரி பதிவாகும். பழைய டிவி அதே முறையில் காட்டியதால் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. அதுக்குள்ள கை நகர்ந்திருக்கும் இல்லையா? அதுதான் பல்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. படத்தை நிறுத்திப் பாருங்க. சுவர் ஒழுங்கா இருந்து, அசையுற கையில மட்டும் பல் இருந்தா இந்தக் குறைதான். அசையாத பொருளும் படிக்கட்டு மாதிரி தெரிஞ்சா, சின்னப் படத்தைப் பெரிசாக்கியதால் வந்ததாக இருக்கும். அதற்கு இந்த வைத்தியம் உதவாது.

வைத்தியத்துக்குப் பெயர் 'டீஇன்டர்லேஸ்'. வி.எல்.சி.யில் வீடியோ மெனுவில் இருக்கிறது. பார்க்கும்போது மட்டும் சரியாகத் தெரியும். நிரந்தரமாகச் சரிசெய்ய 'ஹேண்ட்பிரேக்' போதும். இரண்டும் இலவசம்.

ஆனால் வரிசை முக்கியம். முதலில் பல்லை எடுக்கணும், அப்புறம்தான் அளவை மாற்றணும். நாங்கள் வாங்கி வந்ததில் அளவை ஏற்கெனவே மாற்றிவிட்டிருந்தார்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. இனிப் பிரிக்க முடியாது. நல்லவேளை, தீர்மானப் புத்தகங்களோடு பெட்டியில் கேசட் பத்திரமாக இருந்தது. அளவை மாற்றாமல் மறுபடியும் ஏற்றச் சொல்லி, நாங்களே சரிசெய்தோம்.

கடனில் அசல் என்றால் நமக்கு எவ்வளவு கவனம்! வீடியோவிலும் அசலைப் பத்திரமா வையுங்க. பென் டிரைவுக்கு வந்துடுச்சேன்னு கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க.

இன்று காலை அக்கா மகள் படத்தைப் பார்த்து, "அம்மா இப்படித்தான் கையை ஆட்டிப் பேசும்" என்றாள். எங்களுக்கு அது போதும்.