முகக்குறிப்பும் பாவலரும்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரை இரண்டு அதிகாரங்களுக்குச் சூட்டினார். பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. முன்னதில் அமைச்சன் அரசனின் முகத்தைப் படிக்கிறான். பின்னதில் தலைவன் தலைவியின் கண்ணைப் படிக்கிறான். அரசவைக்கும் காதலுக்கும் ஒரே கல்வி என்று கருதினார் போலும். அமெரிக்க உளவியலார் சலோவேயும் மேயரும் 1990இல் உணர்வுசார் நுண்ணறிவு என வகுத்ததில் பிறர் உணர்வை அறிதலும் ஓர் உறுப்பே.

முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிட்டவர் வள்ளுவர். ஆனால் எல்லா முகமும் பளிங்கா? பகைவர் போன்ற பார்வைக்குள் அன்பு ஒளிந்திருப்பதை 110ஆம் அதிகாரத்தில் அவரே காட்டுகிறார். பால் எக்மன் ஆறு உணர்ச்சிகளின் முகக்குறிகள் உலகெங்கும் ஒன்றே என்றார். லிசா பெல்ட்மன் பாரெட் முதலியோர் 2019இல் அதனை மறுத்தனர். சினந்தோர் எல்லாரும் முகம் சுளிப்பதில்லை. சுளிப்போர் எல்லாரும் சினந்தவரும் அல்லர்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என எண்ணியதோடு நில்லாமல் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வகுத்தார். நகை எள்ளலால் பிறக்கும்; இளமை, பேதைமை, மடன் இவற்றாலும் பிறக்கும். இதழில் தோன்றுவது ஒன்று, தோற்றுவாய் நான்கு. நாமோ 'நகைத்தாள்' என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர வல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் விளங்காது என்பது அவ்வியலின் முடிபு. செவியையும் சேர்த்தாரே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதனைப் பாடமாக நடத்திய நானே ஒருநாள் மறந்தேன். கட்டணம் கொண்டுவராத மாணவனை எழுப்பிக் காரணம் கேட்டேன், சிரித்தான். எள்ளல் என்று கொண்டு வெளியே நிறுத்தினேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவன் வரவில்லை.

சில திங்கள் கழித்து நம் பொம்மிடி நிலையத்தில், திருப்பூருக்கு வேலைக்குப் புறப்பட்டவர்களிடையே அவனைக் கண்டேன். கையில் ஒரு துணிப்பை. "வணக்கம் ஐயா" என்றான். அதே சிரிப்பு. வழியனுப்ப வந்திருந்த தாய், "தப்பா எடுத்துக்காதீங்க சார். வெக்கம் வந்தா இவனுக்குச் சின்னதிலிருந்தே சிரிப்புத்தான் வரும்" என்றார்.

நம் நிலையத்தில் வண்டி நெடுநேரம் நிற்பதில்லை, நீங்கள் அறிவீர்கள். அன்று அவன் சொல்ல வந்தது என்ன என்று கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.