ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? 'ஃபார்மட்' பட்டனைத் தொடாதீர்கள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. வர இயலாத சிலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு, செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் கிடையாது. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவன். கையால் லெட்ஜர் எழுதிய காலத்தையும் பார்த்தேன், கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த காலத்தையும் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு, நம் பிளாக்கில் யார் வீட்டில் பிரின்டர் மக்கர் செய்தாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. அடிக்கடி வரும் புகார் இதுதான்: "சார், ஹார்ட் டிஸ்கைச் சொருகினேன். கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது."

அந்த டிஸ்கில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் கல்யாண வீடியோ, பழைய கேசட்டிலிருந்து மாற்றி வைத்த அப்பாவின் குரல், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பத்து வருட வருமான வரிக் கணக்கு. டிஸ்க் கடையில் கிடைக்கும். உள்ளே இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். உள்ளே இருப்பதற்கு வேறு நகல் இல்லையென்றால், அது கைக்கு வரும் வரை அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்.

அந்தக் காலத்தில் பேலன்சிங் டேலி ஆகாவிட்டால், எடுத்த எடுப்பில் லெட்ஜரைத் திருத்த யாரும் போக மாட்டோம். முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், 54 என்பதை யாரோ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடுவோம். வித்தியாசத்தில் பாதித் தொகைக்கு ஒரு பதிவு இருந்தால், பற்றும் வரவும் இடம் மாறியிருக்கலாம். எளிதான காரணத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவோம். ஹார்ட் டிஸ்குக்கும் அதே முறைதான். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

முதலில் மின்சாரமும் கேபிளும்

சொருகியதும் டிஸ்கில் விளக்கு எரிகிறதா? மேலே கை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிகிறதா? எஸ்.எஸ்.டி. வகையில் சுற்றும் பாகம் இல்லை, அதனால் அதிர்வு இருக்காது. மற்றவற்றில் இரண்டுமே இல்லையென்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சட்டைப் பையில் வைக்கும் அளவுள்ள சிறிய டிஸ்க், கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரை தரும், 3.0 துளை 900 வரை தரும். பல கம்ப்யூட்டர்களில் 3.0 துளையின் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும். டிஸ்க் சுற்றத் தொடங்கும் நேரத்தில்தான் அதிக மின்சாரம் தேவை. அது போதாவிட்டால் விளக்கு எரியும், ஆனால் டிஸ்க் சரியாகச் சுற்றாது. ஆகவே ஹப் வழியாகச் சொருகாதீர்கள். மேசைக் கம்ப்யூட்டராக இருந்தால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் சொருகிப் பாருங்கள். பின்பக்கத் துளைகள் மதர்போர்டிலேயே நேராக இருப்பவை.

தடித்த புத்தகம் போன்ற பெரிய டிஸ்குக்குத் தனி அடாப்டர் உண்டு, பெரும்பாலும் 12 வோல்ட். அதன் பிளக் பாயிண்டில் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இரண்டு வீட்டில் அதுதான் காரணம். முனை பொருந்துகிறதே என்று மோடம் அடாப்டரையோ செட்டாப் பாக்ஸ் அடாப்டரையோ மாட்ட வேண்டாம். வோல்டேஜ் மாறினால் டிஸ்கின் சர்க்யூட் போர்டு கருகிவிடும்.

அடுத்தது கேபிள். பல சிறிய டிஸ்குகளின் கேபிளுக்கு, இரண்டாகப் பிரிந்த மாதிரி அகலமான தலை இருக்கும். நாலைந்து வருடம் சொருகிப் பிடுங்கினால் அது தளர்ந்துவிடும். பக்கத்து வீட்டில் அதே மாதிரி கேபிளை ஐந்து நிமிடம் கடன் வாங்கிப் பாருங்கள். டைப் சி கேபிள் என்றால் இன்னொரு சங்கதி: சில போன் கேபிள்கள் சார்ஜ் மட்டுமே செய்யும். தகவல் போகும் கம்பி அதில் இருக்காது.

இரண்டாவது, இன்னொரு கம்ப்யூட்டர்

கேபிளை மாற்றியும் தெரியவில்லையென்றால் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். அங்கே தெரிந்தால் டிஸ்க் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில்தான். அப்போதே அங்கேயே முக்கியமானவற்றை நகல் எடுத்துக்கொண்டு, பிறகு வீட்டுக்கு வாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, மஞ்சள் ஆச்சரியக்குறி போட்ட வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் டிஸ்கின் வரியாக இருந்தால் 'அன்இன்ஸ்டால்' கொடுத்து, டிஸ்கைக் கழற்றி, மறுபடி ரீஸ்டார்ட் செய்து சொருகுங்கள். இது டிரைவர் என்னும் மென்பொருளை மட்டும்தான் நீக்கும். டிஸ்கின் உள்ளே உள்ள ஃபைல்களைத் தொடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த மகன் தன் மேக்கில் போட்டுக் கொடுத்த டிஸ்க் என்றால், அது மேக்கின் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கலாம். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தெரியாததால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். டிஸ்கில் ஒரு குறையும் இல்லை, மேக் வைத்திருப்பவரிடம் கொண்டு போனால் போதும். அதேபோல் டிவியில் சொருகும்போதும் கவனம் தேவை. நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதிக்காகச் சில டிவிகள் டிஸ்கையே ஃபார்மட் செய்யக் கேட்கும். ரிமோட்டில் ஓகே அழுத்துவதற்கு முன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மூன்றாவது, டிஸ்க் மேனேஜ்மென்ட்

விண்டோஸ் சாவியோடு எக்ஸ் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறங்கள். கம்ப்யூட்டரோடு இணைந்த டிஸ்குகள் கீழே வரிசையாகத் தெரியும். உங்கள் டிஸ்கை அதன் கொள்ளளவை வைத்து அடையாளம் கண்டுபிடியுங்கள். இங்கே பார்ப்பது மட்டும்தான் வேலை. கை ஏதாவது செய்யத் துடிக்கும், பொறுங்கள்.

'ஹெல்தி' என்று இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால் சந்தோஷப்படுங்கள். அதன் மேல் ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' என்பதில் காலியாக உள்ள ஓர் எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும். லாக்கர் பத்திரமாக இருக்கிறது, கதவில் ஒட்டிய எண்தான் உதிர்ந்துவிட்டது என்ற மாதிரி. 'ஆஃப்லைன்' என்று இருந்தால் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள்.

'ரா' என்று இருந்தால், ஃபைல்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை சிதைந்திருக்கலாம். ஃபைல்கள் உள்ளே இருக்க வாய்ப்பு உண்டு. 'அன்அலொகேட்டட்' என்றோ 'நாட் இனிஷியலைஸ்ட்' என்றோ இருந்தால், 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். 'கேன்சல்' கொடுங்கள். நல்ல கேபிள் போட்டு, இரண்டு கம்ப்யூட்டரில் பார்த்தும் இந்தப் பட்டியலில் பெயரே வரவில்லையென்றால், கோளாறு டிஸ்கின் சர்க்யூட் போர்டிலோ உள் பாகத்திலோ இருக்கலாம். அது நம் கைவேலை கிடையாது.

அந்த ஒரு கேள்வி

நம் குடியிருப்பில் ஓர் அம்மா. கணவர் காலமாகி இரண்டு வருடம். அவர் பூஜையறையில் உட்கார்ந்து பாடியதையெல்லாம் மகன் பதிவு செய்து ஒரு டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு நாள் காலையில் எனக்குப் போன் செய்தார். "ஃபார்மட் பண்ணாத்தான் திறக்கும்னு எழுதியிருக்கு. ஆமான்னு சொல்லட்டுமா சார்?" என்று கேட்டார். "வேண்டாம்மா, கேன்சல் குடுத்துட்டு கழட்டி வையுங்க, வரேன்" என்றேன்.

அந்தக் கேள்விக்கு 'ஆம்' சொன்னால் என்ன ஆகும்? 'குவிக் ஃபார்மட்' என்றால் பழைய அட்டவணையின் இடத்தில் காலி அட்டவணை எழுதப்படும். அதன் பிறகும் மீட்க வழி இருக்கலாம், ஆனால் கடினமாகும். முழு ஃபார்மட் என்றால், விஸ்டா முதல் வந்த விண்டோஸ்களில் டிஸ்க் முழுவதும் பூஜ்யம் எழுதப்படும். அப்புறம் எந்த நிபுணர் வந்தாலும் வெறும் கையோடுதான் திரும்புவார்.

அந்த அம்மாவின் டிஸ்கில் கேபிள் மாற்றினோம், கம்ப்யூட்டர் மாற்றினோம். இரண்டிலும் 'ரா' என்றே காட்டியது. நல்லவேளை, வேண்டாத சத்தம் எதுவும் இல்லை. புது டிஸ்க் ஒன்று வாங்கி வரச் சொல்லி, 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளால் பழையதைப் படித்துப் புதியதில் சேமித்தோம். மீட்கும் ஃபைலை அதே டிஸ்கில் போடக் கூடாது. போட்டால், இன்னும் மீட்காத ஃபைலின் மேலேயே எழுதிவிடும். ராத்திரி முழுக்க ஓடியது. பாட்டுகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. அந்த மென்பொருள் ஃபைலுக்கு எண்தான் கொடுக்கும். அந்த அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டு, இது எந்தப் பாட்டு, எந்த வருடத்து நவராத்திரி என்று நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். இன்னும் முடியவில்லை.

எப்போது நிறுத்த வேண்டும்

டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்றோ உரசுவது போலவோ சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். இன்னொரு முறை சொருகிப் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். உள்ளே வேகமாகச் சுற்றும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். அப்படியானால் வீட்டில் திருகாணியைக் கழற்றித் திறந்தால் விழும் தூசி என்ன செய்யும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தட்டிப் பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது போன்ற வாட்ஸாப் வைத்தியமும் வேண்டாம்.

டேட்டா மீட்கும் நிறுவனத்திடம் கொடுக்கும்போது நாலு விஷயம் கேளுங்கள். பார்த்துச் சொல்ல எவ்வளவு கட்டணம்? மீட்க முடியாவிட்டால் எவ்வளவு? என் அனுமதியில்லாமல் ஃபார்மட் செய்ய மாட்டீர்களே? டிஸ்கின் சீரியல் எண்ணைப் போட்டு ரசீது தருவீர்களா? உள்ளே ஆதார், பான் நகல்கள் இருக்கலாம். யார் கையில் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். வாரன்டி இருக்கிறதே என்று அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டாம். வாரன்டியில் வேறு டிஸ்க் வரும், உள்ளே இருந்தது வராது.

தெரிய ஆரம்பித்த பிறகு

மக்கர் செய்த டிஸ்க் திடீரென்று தெரிந்தால், முதல் வேலை நகல் எடுப்பதுதான். முதலில் வேறெங்கும் கிடைக்காதவை, பிறகு மற்றவை, சினிமாப் படங்கள் கடைசியில். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால், நகல் எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். சரிசெய்வது என்றாலே டிஸ்கில் எழுதுவதுதான். நகல் முடிந்ததும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். 'காஷன்' என்றோ 'பேட்' என்றோ காட்டினால் அந்த டிஸ்குக்கு ஓய்வு கொடுங்கள். எனக்கே கொடுத்தார்கள், அதற்கென்ன?

நகல் விஷயத்தில் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முக்கியமானதற்கு 3 பிரதி, 2 வகைச் சாதனத்தில், அதில் 1 வேறு இடத்தில். வேறு இடம் எதற்கு என்று 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆல்பமும் டிஸ்கும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தால், தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாகச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் கட்டட வரைபடம், கூட்டத் தீர்மானங்கள், பராமரிப்புக் கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அலுவலக அறையில் ஒரே ஒரு டிஸ்கில் வைத்திருக்கிறோம். அது ஒரு நாள் தெரியாமல் போனால், இங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை வீட்டுக்காரர்களுக்கும் அது கவலை. இரண்டாவது டிஸ்க் வாங்கி, மாதம் ஒரு முறை நகல் எடுத்து, பொருளாளர் வீட்டில் வைக்கலாம். மற்றொரு பிரதியைக் கிளவுடில் போடலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வையுங்கள். மாதா மாதம் நகல் எடுக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 11 வரை சங்க அறையில் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் டிஸ்க், அதன் கேபிள், அடாப்டர் மூன்றையும் எடுத்து வாருங்கள். நகல் எடுப்பதற்கு இடமுள்ள இன்னொரு டிஸ்கும் இருந்தால் நல்லது.

காபி வந்துவிட்டது.