வரி கட்டறவன் யாரு?

(செம்மேட்டில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய ஒருநாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்ததில் தலை இன்னும் சுத்துது. நான் வங்கியில் எழுத்தர். கவிதையும் எழுதுவேன். ஆனால் இன்னைக்குக் கணக்குதான் பேசப்போறேன்.

கீழே, சமவெளியில், என் கவுண்டருக்கு முன்னால் ஒருநாள் வரிசை நின்றது. முதியோர் பென்ஷன் எடுக்க வந்த ஒரு பாட்டி. காலமெல்லாம் களையெடுத்துத் தேய்ந்த விரல். ரேகை இயந்திரத்தில் விழவில்லை. துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்கிறேன், விழவில்லை. பின்னால் நின்றவர் பொறுமையிழந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: “எல்லாம் நம்ம வரிப்பணம் சார். இதுங்க ஒரு பைசா வரி கட்டுதா?” நான் பதில் சொல்லவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் வருமானவரி பிடித்தம் ஆகிற ஆள் நான். அவருடைய அந்த ‘நம்ம’வுக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார். என் சாதி தெரிந்திருந்தால் சேர்த்திருப்பாரா என்பது வேறு விஷயம். ஒரு நொடி அந்தச் சேர்ப்பு எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு நொடிதான் இன்றுவரை உறுத்துகிறது.

பாட்டியின் பையில் குளிக்கிற சோப்பு ஒன்று, தலைக்கு எண்ணெய், பேரனுக்கு பிஸ்கட். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இந்த மூன்றுக்கும் 18 சதவீதம் வரி. 2025 செப்டம்பர் 22இல்தான் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் அந்தப் பாட்டி கட்டிய வரிக்கு யாரும் ரசீது தரவில்லை. எனக்கு வருஷாவருஷம் படிவம் 16 தர்றாங்க, நான் ‘வரி கட்டறவன்’. அவருக்குக் காகிதம் இல்லை, அதனால் அவர் ‘இலவசம் வாங்கறவர்’. மலையில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிறவனும் சோளக்காடு சந்தைக்கு மிளகு சுமந்து வருகிறவளும் இப்படித்தான் கணக்கில் காணாமல் போகிறார்கள்.

மறைமுக வரி என்பது ஆள் பார்க்காது. ஆலை முதலாளிக்கும் அந்த ஆலையில் கிழங்குத் தோல் சீவுகிற பெண்ணுக்கும் ஒரே சோப்பு, ஒரே வரி. அவருக்கு அது தூசு, இவளுக்கு ஒருவேளைக் கஞ்சி. ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநில அரசு தன் கையில் வைத்திருப்பவற்றில் பெரியவை இரண்டு: பெட்ரோல் டீசல், சாராயம். டாஸ்மாக் வழியாக மட்டும் 2023–24இல் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்குப் போனது. அந்தக் கடை வாசலில் நிற்பது யாரென்று உங்களுக்கே தெரியும். எங்கப்பாவும் நின்றவர்தான். குடிக்காதே என்று அவரிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். ‘நீ கட்டின வரிக்குக் கணக்குக் கேள்’ என்று சொன்னவர் ஒருத்தர்கூட இல்லை. அதே காலத்தில் பெரும் பணக்காரர்களின் சொத்துவரி 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வருமானவரி 30இலிருந்து 22 சதவீதமாக இறங்கியது. இதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை!

‘வரி கட்டறவன்’ என்கிற இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதை நாம் மறந்துட்டோம். 1919 சீர்திருத்தத்தில் ஓட்டுரிமை பெரும்பாலும் வரியை வைத்தே தரப்பட்டது. நிலவரி, நகராட்சி வரி, வருமானவரி கட்டினவன் ஓட்டாளன். பண்ணையில் உழைத்து, உப்புக்கு வரி கட்டின பறையனும் பள்ளனும் சக்கிலியனும் மலையாளியும் ஓட்டாளன் அல்ல. நிலமே இல்லாதவனிடம் நிலவரி ரசீது கேட்டால் எங்கே போவான்? இந்த முடிச்சை அவிழ்க்க நின்றவர் அம்பேத்கர். 1928இல் சைமன் கமிஷன் முன்னால் வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு என்று கேட்டார். அதற்கு முந்தின வருஷம், 1927 பிப்ரவரியில், பம்பாய் சட்டமன்றத்தின் பட்ஜெட் விவாதத்தில் அவர் எடுத்துக்கொண்டது வரிதான். வருமானவரியில் சிறு வருமானக்காரனுக்கு விலக்கு உண்டு. நிலவரியில் மட்டும் ஒரு ஏக்கர் வைத்திருப்பவனும் கட்டியாக வேண்டும், இது எப்படி நியாயம் என்று கேட்டார். அம்பேத்கரை நாம் சிலையாகவும் சட்டப் புத்தகமாகவும் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் லண்டனிலும் நியூயார்க்கிலும் படித்தது பொருளாதாரம். மாகாண நிதியைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். நம் இயக்கங்களில் அதைப் படித்தவர் எத்தனை பேர்? நானும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் படித்தேன்.

அரசியல் சட்டத்தின் 326ஆம் பிரிவு ஓட்டை வரியிலிருந்து கழற்றிவிட்டது. வரிசையில் பாட்டியின் பின்னால் நின்றவர் அதைத் திரும்ப மாட்டப் பார்க்கிறார்.

ஓட்டுப் போடச் சொல்லி நம்ம சனங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் சென்னையில்தான் சதவீதம் குறைகிறது. நமக்குத் தகராறு ஓட்டுக்கு அப்புறம் வருகிறது. மேலவளவு ஊராட்சி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் 1997 ஜூன் 30இல் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என நான்கு ஊராட்சிகளில் 2006வரை பத்து வருஷம் ஒரு தலித் தலைவர் உட்கார்ந்து நிர்வாகம் செய்ய விடவில்லை. நாற்காலிக்காக மட்டுமா கொலை? அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் கண்மாய் ஏலக் கணக்கைத் திறப்பான், தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுவான். கணக்குப் புத்தகம் சேரிக்காரன் கைக்குப் போவதை அவர்களால் தாங்க முடியவில்லை.

கொல்லிமலையில் பதினான்கு ஊராட்சிகள். சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று எதுவுமே அறிவிக்கப்படவில்லை. அதனால் 1996இல் பழங்குடி கிராமசபைகளுக்குத் தனி அதிகாரம் தந்த பெசா சட்டம் இந்த மலைக்கு ஏறவில்லை. இருப்பது 1994 ஊராட்சிச் சட்டத்தின் சாதாரண கிராமசபை. 2006 வன உரிமைச் சட்டம் அதற்குக் கொஞ்சம் பல் கொடுத்தது. 2022இலிருந்து வருஷத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும். ஐந்நூறு பேர்வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம்வரை 100 பேர், பத்தாயிரம்வரை 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மலையில் குக்கிராமத்துக்கு குக்கிராமம் நடக்கிற தூரம் உங்களுக்குத் தெரியும். ஆள் சேராது. அப்புறம் நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்.

நான் தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்து வாங்கினால் மறுநாளே மெமோ. நம்ம அம்மாமார்களோ தீர்மானமே எழுதாத நோட்டில் கைநாட்டு வைக்கிறார்கள். 2025 ஜனவரியில் இந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனபோது, கேட்பதற்குத் தேர்ந்தெடுத்த ஆள்கூட இல்லாமல் போனது.

ராஜஸ்தானில் 1990 மே முதல் தேதி தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் செய்தது எளிமையான வேலை. கூலிப் பட்டியலை வாங்கி ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை. செத்துப்போனவன் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்ட்: வாசிக்க வாசிக்கக் கூட்டம் சாட்சி சொன்னது. 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா உட்கார்ந்தார்கள். எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பதுதான் கோஷம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே. தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, இந்தியாவிலேயே முதலில். ஆனால் அதில் தகவலைவிட விதிவிலக்கு அதிகம். இப்போதும் கதவு சாத்தப்படுகிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம், தனிநபர் விவரம் என்று சொல்லியே மறுக்க வழி விட்டிருக்கிறது. கூலிப் பட்டியலில் இருப்பதெல்லாம் பெயர்கள்தானே தோழர்களே, பெயரை மறைத்தால் செத்தவன் கூலி வாங்கினதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னைக்கு மதியம் செய்யவேண்டிய வேலை இருக்கு. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு மனு. கடைசி மூன்று கிராமசபைகளின் தீர்மான நகல், வருகைப் பதிவேடு, போன வருஷத்து வரவு செலவு. பதில் தர முப்பது நாள் கெடு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு இருபது வாங்கி வந்திருக்கேன். வறுமைக்கோட்டுச் சான்று இருக்கிறவங்களுக்கு அதுவும் வேண்டாம், சான்று நகல் போதும். எழுதத் தெரிஞ்சவங்க இந்தப் பக்கம் வாங்க, சொல்லத் தெரிஞ்சவங்க அவங்க பக்கத்துல உட்காருங்க.