அடங்காத பிள்ளையா, அடக்கத் தெரியாத வேகமா?

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"எவ்வளவு அடித்தும் திருந்தவில்லை, டாக்டர்" என்று கண்ணீரோடு சொல்லும் தாய்மாரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். பந்து சாலைக்கு உருண்டால் பின்னாலேயே ஓடுகிற பிள்ளை. ஆசிரியர் கேள்வியை முடிக்குமுன் பதிலைக் கத்துகிற பிள்ளை. தம்பியைத் தள்ளிவிட்டு மறுநிமிடம் தானும் அழுகிற பிள்ளை. அந்த அழுகையைக் கவனியுங்கள். செய்தது தவறென்று அவனுக்குத் தெரியும். அறிவு சொல்லுமுன் கை நீண்டுவிடுகிறது.

1902-ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், நல்ல புத்தியிருந்தும் தங்களை அடக்க இயலாத பிள்ளைகளைக் குறித்து உரையாற்றினார். இன்று இதனை ஏ.டி.எச்.டி. என்கிறோம். 'பொறு' என்று தடுக்கும் வேலையில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், மற்றப் பிள்ளைகளின் மூளைப்புறணி சுமார் ஏழரை வயதில் எட்டிய முதிர்ச்சியை இப்பிள்ளைகள் சுமார் பத்தரை வயதில் எட்டியதாகக் கண்டார்கள். வளராத நிதானத்தை அடித்து வளர்க்க முடியுமா?

அப்படியானால் என்ன செய்யலாம்? தூரத்திலிருந்து கத்தாமல், அருகே சென்று, தோளைத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். "கேட்டைத் தொட்டதும் நில்" என்பதை விளையாட்டாகத் தினமும் பழக்குங்கள். பழகும்வரை கேட்டைப் பூட்டியே வையுங்கள். நின்றால் அந்த நிமிடமே பாராட்டுங்கள். மாதக் கடைசியில் தரும் பரிசு அவனுக்கு எட்டாத தூரம். கோபம் உச்சத்திலிருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். தணிந்தபின் சுருக்கமாகப் பேசுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை கல்யாண வீட்டில் திடீரென்று அலறினால், ஒலிபெருக்கியின் சத்தம் தாங்கமுடியாமல் இருக்கலாம். முதலில் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

சிலருக்கு மெதில்பெனிடேட் போன்ற மருந்தும் உதவும். அதை நிபுணரின் ஆலோசனைப்படி மட்டுமே கொடுக்கவேண்டும். எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கவனித்து வரவேண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை.

வளர்ந்தவர்களிலும் இது பலரிடம் தொடர்கிறது. கோபத்தில் எழுதிய கடிதத்தையும், ஆசைப்பட்ட பெரிய செலவையும் ஓர் இரவு தள்ளிவைப்பது அவர்களுக்கு நல்ல வேலி.

தினமும் "கெட்ட பிள்ளை" என்று கேட்கிறவன் ஒருநாள் அதை நம்பிவிடுவான். நாம் அஞ்சவேண்டியது அதற்குத்தான். இன்றிரவு உங்கள் பிள்ளை ஒரே ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அதைக் கண்டதாக அவனிடம் சொல்லுங்கள்.