உள்ளங்கைச் சீனி



கல்முனையில் எனது மூத்தம்மா தேத்தண்ணி குடிக்கும் விதமே தனி. சாயத்தில் சீனி கலக்கமாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுக் குடிப்பார். நான் சிந்திவிட்டால், "கவனம் மகன், ஆரோ பாடுபட்ட சாமான்" என்பார். அந்த 'ஆரோ' யாரென்று அன்று நான் கேட்கவில்லை.

பிற்காலத்தில் வரலாற்று நூல்களில்தான் அவரைச் சந்தித்தேன். 1493இல் கொலம்பஸ் தமது இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கரிபியன் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். தோட்டங்கள் பெருகின. வெட்டவும் பிழியவும் காய்ச்சவும் ஆட்கள் தேவைப்பட்டனர். மூன்றரை நூற்றாண்டுகளில் ஆபிரிக்காவிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் சுமார் 18 இலட்சம் பேர் கரை காணாமலே மடிந்தனர். எஞ்சியோரில் பெரும்பாலோர் சென்றடைந்தது கரும்பு விளைந்த கரிபியனையும் பிரேசிலையும்தான். 1791இல் பிரித்தானியாவில் பல குடும்பங்கள் அந்தச் சீனியை வீட்டில் சேர்க்க மறுத்தன.

1834இல் பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நட்டஈடு 2 கோடி பவுண். யாருக்கு? அடிமைகளின் எசமானர்களுக்கு! நமது இலங்கை அச்சட்டத்தில் அடங்கவில்லை. இங்கு 1844இல்தான் அடிமை முறை ஒழிந்தது.

ஆனால் கரும்பு காத்திருக்குமா? இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். மொரீசியசுக்கு 1834இல், சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேற்றாலுக்கு 1860இல், பீஜிக்கு 1879இல். கூலியும் தவணையும் உண்டு. ஆகவே அது அடிமை முறையன்று என்றார்கள். ஆயினும் தவணை முடியுமுன் தோட்டத்தைவிட்டு ஓடினால் சிறைதான்.

பாரதியார் பீஜித் தீவைக் கண்டவரல்லர். எனினும் 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாடலில் அங்கு வாடிய பெண்களுக்காகக் கலங்கினார். கப்பல் பதிவேடுகளில் அப்பெண்கள் வெறும் இலக்கங்கள். பாடலில் அவர்கள் நமது சகோதரிகள். இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்போருக்கு எனது பதில் இதுதான்: காணாதவரின் துயரை நம்முடையதாக்குவது.

நமது அம்பாறை மாவட்டத்து ஹிங்குராணையிலும் கரும்பு விளைகிறது. அதன் கதை வேறு. ஆனால் சீனி எந்த மண்ணிலிருந்து வந்தாலும், வெட்டிய கைக்குக் கிடைத்தது என்ன என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.

மூத்தம்மா எழுத்தறியாதவர். பாரதியைப் படித்தவரல்லர். ஆனாலும் ஒவ்வொரு நாளும், உள்ளங்கைச் சீனியைப் பார்த்தபடி, முகம் தெரியாத ஒருவரை அவர் நினைத்துக்கொண்டார். நாம் கரண்டி கரண்டியாய்க் கலக்கிக் குடிக்கிறோம், நினைப்பதுதான் இல்லை.